ஏரிக் கணக்கும் எழுதும் வேகமும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னை நாளிதழ்களில் ஒரு சின்ன அட்டவணை தவறாமல் இடம்பிடிக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். ஒவ்வோர் ஏரிக்கும் எதிரே முழுக் கொள்ளளவு, காலை 6 மணி நிலவரப்படி இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். பூந்தமல்லி, குன்றத்தூர் பக்கம் குடியிருப்பவர்களின் கண் நேராகச் செம்பரம்பாக்கத்தின் வரிக்குத்தான் போகும். அந்த ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர்மட்டம் 22 அடியை நெருங்கினாலே உபரிநீர் திறப்பைப் பற்றிய பேச்சு ஊரில் எழுந்துவிடும்.

இந்த அத்தியாயம் முழுக்க அந்த அட்டவணையை வைத்தே பேசப்போகிறோம். கணினியில் ஓர் அட்டவணையை உருவாக்கிச் சேமிப்பது எளிய வேலை. ஆனால் அதைச் செய்யும் முறையைப் பொறுத்து, மூன்றே நொடியில் முடியவேண்டியது முக்கால் மணி நேரம் இழுக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டவருக்குக் கணினியின் உள்ளே நடப்பதில் பாதி புரிந்துவிடும்.

முதலில் அளவைப் பார்ப்போம். இந்த ஏரிகளின் தினசரி இருப்பு 2004ஆம் ஆண்டிலிருந்து கணினிக் கோப்பாகவே பொதுவெளியில் கிடைக்கிறது. தரவு அறிவியல் கற்பவர்கள் பலர் அதை வைத்துக் கைபழகுகிறார்கள். 2004 முதல் 2023 முடிய 20 ஆண்டுகள். ஐந்து லீப் ஆண்டுகளையும் சேர்த்தால் 7,305 நாட்கள். செம்பரம்பாக்கத்துக்கு மட்டும் நாளுக்கு ஒரு வரி என்றால் 7,305 வரிகள். இன்றைய கணினிக்கு இது தூசு. எவ்வளவு மோசமாக நிரல் எழுதினாலும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், நாளுக்கு ஒரு வரி போதாது. 2015 டிசம்பர் 1ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காலை முதல் மறுநாள் காலை வரை செம்பரம்பாக்கத்தில் சுமார் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரியிலிருந்து அடையாற்றுக்கு வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 104 மில்லியன் கன அடி வெளியேறும். ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 2,500 மில்லியன் கன அடி, அதாவது ஏரியின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு. இப்படிப்பட்ட நாளை 'காலை 6 மணி நிலவரம்' என்ற ஒற்றை வரியில் அடக்கினால், நகரத்தையே புரட்டிப்போட்ட மணி நேரங்கள் அட்டவணையில் இருக்கவே இருக்காது. எந்த மணிக்கு மட்டம் ஏறியது, எந்த மணிக்கு ஷட்டர் உயர்த்தப்பட்டது என்று பின்னால் ஆராய வேண்டுமானால் மணிக்கு ஒரு பதிவாவது வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் அப்படிப் பதிந்திருந்தால் 7,305 பெருக்கல் 24, ஆக 1,75,320 வரிகள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்கு நடுவே இன்று மென்பொருள் அலுவலகங்கள் நிற்கின்றன. அங்கே புதிதாக வேலைக்குச் சேரும் ஓர் இளைஞரிடம் இந்த வேலையைக் கொடுத்தால், பைதான் மொழியில் அவர் எழுதும் முதல் நிரல் பெரும்பாலும் இப்படி இருக்கும்: காலியான ஓர் அட்டவணையை உருவாக்கு, ஒரு லூப் போடு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மணி நேரத்துப் பதிவைப் படி, அதை அட்டவணையின் கடைசியில் ஒட்டு. படிக்க அழகாக இருக்கும். மனிதர் கையால் பதிவேடு எழுதும் முறையும் இதுதான் என்பதால் சரியாகவும் தோன்றும்.

ஆனால் கணினிக்குள் நடப்பது வேறு. பைதானில் அட்டவணைகளுக்கென்றே உள்ள பாண்டாஸ் நூலகம், ஒவ்வொரு நெடுவரிசையின் எண்களையும் நினைவகத்தில் இடைவெளியின்றி ஒட்டி ஒட்டி அடுக்கிவைக்கிறது. அப்படி அடுக்குவதால்தான் பின்னால் கூட்டல், சராசரி எல்லாம் பறக்கின்றன. ஆனால் அந்த அடுக்கின் கடைசி எண்ணுக்கு அடுத்த இடம் காலியாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் ஒரு வரி கூடினால், கூடுதல் அளவில் புதிய இடம் பிடித்து, பழைய எண்கள் எல்லாவற்றையும் அங்கே படியெடுத்து, கடைசியில் புதிய வரியை வைக்கவேண்டியிருக்கிறது. பழைய இடம் பிறகு விடுவிக்கப்படும். மளிகைக்கடைக்காரர் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் புது நோட்டு வாங்கி, பழைய கணக்கை எல்லாம் அதில் திரும்ப எழுதிவிட்டு, கடைசியில் இன்றைய ஒரு வரியைச் சேர்ப்பதைப் போன்ற வேலை இது.

கணக்குப் போடுவோம். இரண்டாம் வரியைச் சேர்க்க ஒரு வரியைப் படியெடுக்க வேண்டும், மூன்றாம் வரிக்கு இரண்டு, நான்காவதற்கு மூன்று. பள்ளியில் படித்த கூட்டுத்தொடர்தான். 7,305 வரிகளுக்கு மொத்தப் படியெடுப்பு சுமார் 2.67 கோடி வரிகள். 1,75,320 வரிகளுக்கு? வரிகள் 24 மடங்குதான் கூடியிருக்கின்றன. படியெடுப்போ 24இன் வர்க்கமாக, 576 மடங்கு கூடி, சுமார் 1,537 கோடி வரிகளாகிறது. ஒரு வரியில் ஐந்து மதிப்புகள், ஒவ்வொன்றும் 8 பைட் என்று வைத்தால், வரிக்கு 40 பைட். கடைசியில் நமக்குக் கிடைக்கும் அட்டவணையின் அளவு சுமார் 70 லட்சம் பைட், அதாவது 7 எம்பி. அதை உருவாக்க நினைவகத்தில் நகர்த்தப்பட்டது 615 ஜிபி.

இது ஓர் ஏரிக்கான கணக்கு. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், ஆவடிப் பருத்திப்பட்டு, போரூர் என்று மேற்குப் புறநகரின் ஏரிகளையும் சேர்த்துப் பத்து ஏரிகளுக்கு மணிக்கு மணி பதிவு வைத்தால் வரிகள் பத்து மடங்கு, படியெடுப்பு நூறு மடங்கு. சோதனைக்கு நிமிடக் கணக்கில் ஓடிய நிரல், உண்மையான தரவில் மணிக்கணக்கில் நிற்கும். "நேற்று நன்றாகத்தானே ஓடியது?" என்ற கேள்வி அலுவலகங்களில் எழுவது பெரும்பாலும் இங்கேதான். நிரலில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். வரிகள் மட்டும் கூடியிருக்கும்.

படியெடுப்பு தவிர இன்னொரு செலவும் உண்டு. ஒவ்வொரு முறை ஒட்டும்போதும், இரு பக்கமும் நெடுவரிசைப் பெயர்கள் பொருந்துகின்றனவா, எண்ணா எழுத்தா என்ற வகை ஒத்துப்போகிறதா என்று பாண்டாஸ் சரிபார்க்கிறது. ஒரு வரிக்கானாலும் லட்சம் வரிக்கானாலும் இந்தச் சரிபார்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அதை 1,75,320 முறை செய்ய வைப்பது வீண்.

பாண்டாஸை வெஸ் மெக்கின்னி 2008இல் எழுதத் தொடங்கினார். டேட்டாஃப்ரேம் என்று அது அழைக்கும் அட்டவணையில் வரியை ஒட்டுவதற்கு 'அப்பெண்ட்' என்ற வசதி நெடுங்காலம் இருந்தது. லட்சக்கணக்கானோர் அதை லூப்புக்குள் வைத்துத் தவித்தார்கள். 2022 ஜனவரியில் வந்த 1.4 பதிப்பில், இது கைவிடப்படும் என்று எச்சரிக்கை வந்தது. 2023 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பில் அடியோடு நீக்கினார்கள். ஒரு வசதியை அதன் தவறான பயன்பாட்டின் பொருட்டே எடுத்துவிடுவது நூலகம் எழுதுபவர்கள் லேசில் செய்யும் காரியம் இல்லை. நான் அதைச் சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஆனாலும் நோய் முழுதாகப் போகவில்லை. 'கான்கேட்' என்ற இணைப்புக் கட்டளையை லூப்புக்குள் வைத்தாலும், அடுத்த வரி எண்ணைச் சொல்லி நேரடியாக மதிப்பைத் திணித்தாலும் அதே படியெடுப்புதான் நடக்கும்.

தீர்வு எளிது. வரிகளை முதலில் பைதானின் சாதாரண லிஸ்ட் ஒன்றில் சேர்த்துக்கொண்டே போங்கள். எல்லாம் சேர்ந்தபின் ஒரே ஒருமுறை அட்டவணையாக்குங்கள். லிஸ்ட்டும் நினைவகத்தில்தானே வளர்கிறது, அதற்கு மட்டும் படியெடுப்பு கிடையாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இடம் தீரும்போது லிஸ்ட்டும் புது இடம் பிடித்துப் படியெடுக்கவே செய்கிறது. ஆனால் ஒரு வரிக்கான இடத்தை மட்டும் பிடிக்காமல், இனி வரப்போவதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கிறது. இதன் பலனைப் புரிந்துகொள்ள, ஒவ்வொரு முறையும் இடத்தை இரட்டிப்பாக்கும் ஓர் அடுக்கை நினைத்துப்பாருங்கள். 1, 2, 4, 8 என்று வளர்ந்து 2,62,144 இடங்கள் வந்ததும் நம் 1,75,320 வரிகளும் அடங்கிவிடும். அதுவரை நடந்த மொத்தப் படியெடுப்பு 2,62,143. முன்பு 1,537 கோடி. இப்போது இரண்டரை லட்சத்துச் சொச்சம். பைதானின் லிஸ்ட் இரட்டிப்பாக்குவதில்லை, எட்டில் ஒரு பங்கு அளவுக்கே கூட்டிப் பிடிக்கிறது. அதனால் படியெடுப்பு இதைவிடச் சில மடங்கு கூடும்; ஆனாலும் வரிகள் இரட்டித்தால் வேலையும் இரட்டிக்குமே தவிர நான்கு மடங்காகாது. நம் கணக்கில் இன்னொரு வசதியும் உண்டு: எத்தனை வரி வரும் என்று நாட்காட்டியே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. 1,75,320 இடங்களை முதலிலேயே ஒதுக்கி நிரப்பிக்கொண்டே போனால் படியெடுப்பே கிடையாது.

அடுத்து, ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்போம். 'செம்பரம்பாக்கம்' என்ற பெயர் நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. யூனிகோடில் புள்ளிகளும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது பதினைந்து குறியீடாகிறது. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். மொத்தம் 45 பைட். ஒவ்வொரு வரியிலும் இந்தப் பெயரை எழுதினால் பெயருக்கு மட்டும் 79 லட்சம் பைட், மேலே கண்ட மொத்த அட்டவணையைவிட அதிகம். தமிழில் பெயர் வைத்ததற்காக ஆங்கிலத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஏரிப் பெயர்களைத் தனியே ஒருமுறை எழுதி, பூண்டிக்கு 0, சோழவரத்துக்கு 1 என்று எண் கொடுத்து, வரிகளில் அந்த எண்ணை மட்டும் ஒரு பைட்டில் வைத்தால் போதும். பாண்டாஸில் 'கேட்டகரி' என்ற வகை இதைத் தானாகச் செய்துவிடும். திரையில் தமிழ்ப் பெயரே தெரியும்.

எண்களிலும் இப்படிச் சிக்கனம் பிடிக்கலாம். ஆனால் அங்கே நிதானம் வேண்டும். இருப்பு 3,645ஐத் தாண்டாது. 2 பைட் முழு எண்ணில் 32,767 வரை எழுதலாம். எனவே தாராளமாகப் பொருந்தும். அதே நம்பிக்கையில் வெளியேற்றத்தையும் 2 பைட்டில் அடக்கலாமா? 29,000 அதற்குள் அடங்கிவிடும். நாளை ஒருநாள் 33,000 வந்தால், சேமிக்கும் விதத்தைப் பொறுத்து எந்த எச்சரிக்கையும் இல்லாமலே அது −32,536 ஆக மாறி உட்கார்ந்துவிடக்கூடும். வெள்ளத்தின் உச்சத்தில் அட்டவணை பொய் சொல்லும். நான்கு பைட் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதே மேல்.

பூஜ்யத்தையும் வெற்றிடத்தையும் குழப்பக்கூடாது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டு கிடந்தது. அன்றைய பூஜ்யம் உண்மையான பூஜ்யம். அளவி பழுதாகிப் பதிவு வராத மணி நேரம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் யாராவது ஒரு கோடு தட்டிவைத்தால், அந்த நெடுவரிசையே எழுத்து வகைக்கு மாறி, கணக்குகள் எல்லாம் நத்தை வேகத்துக்கு இறங்கிவிடும்.

2020இல் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் ஐந்தாவதாகப் பட்டியலில் சேர்ந்தது. ஏரிக்கு ஒரு நெடுவரிசை என்று அட்டவணை அமைத்தவர்கள் அன்று அமைப்பையே மாற்றவேண்டியிருந்திருக்கும். நாள், ஏரி, மட்டம், இருப்பு என்று நீளவாக்கில் அமைத்தவர்களுக்குப் புது வரிகள் வந்தன, அவ்வளவுதான்.

இனி சேமிப்பு. நினைவகத்தில் உள்ளது மின்சாரம் போனால் போய்விடும். டிஸ்க்கில் எழுதியது நிலைக்கும். உங்கள் கைபேசியில்கூட இருக்கும் எஸ்.கியூ.லைட் என்ற தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். டி. ரிச்சர்ட் ஹிப் 2000இல் உருவாக்கியது. இதில் ஒரு வரியை எழுதி 'கமிட்' என்று சொன்னால், அது உண்மையிலேயே டிஸ்க்கைச் சேர்ந்த பிறகுதான் நிரலுக்குப் பதில் வரும். இந்த வாக்குறுதிதான் தரவுத்தளத்தின் உயிர். அதற்கு விலை உண்டு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. ஒரு கமிட் முழுமையடைய ஏறக்குறைய இரண்டு சுற்றுகள் காத்திருக்கவேண்டும். ஆக நொடிக்கு 60 கமிட்தான். செயலி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இரும்புத் தட்டு சுற்றி வரும்வரை கைகட்டி நிற்கவேண்டியதே.

வரிக்கு ஒரு கமிட் என்றால் 1,75,320 வரிகளுக்கு 2,922 நொடி, கிட்டத்தட்ட 49 நிமிடம். அதே வரிகளை ஒரே கட்டாக, ஒரே டிரான்சாக்ஷனில் எழுதினால் சாதாரணக் கணினியிலேயே நொடிக்கு 50,000 வரிகளுக்கு மேல் போகும். மூன்றரை நொடியில் வேலை முடிந்தது. எஸ்.எஸ்.டி. வந்தபின் சுழலும் தட்டு இல்லை, காத்திருப்பும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் கமிட்டுக்குக் கமிட் நின்று உறுதிப்படுத்தும் செலவு ஒழியவில்லை. கட்டாக எழுதுவதன் ஆதாயம் இன்றும் பெரிதுதான்.

அப்படியானால் எப்போதும் கட்டாகவே எழுதிவிடலாமே? கூடாது. இந்த இடத்தில்தான் வேகத்தை மட்டும் பார்க்கும் நிரலர் சறுக்குகிறார். ஏரிக்கரையில் இருக்கும் ஒரு கருவி, மணிக்கொரு பதிவாக ஆயிரம் வரிகள் சேரட்டும் என்று நினைவகத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் ஆறு வாரம் ஆகும். 2015 டிசம்பர் போன்ற ஓர் இரவில் மின்சாரம் போனால், எந்த மணி நேரங்களுக்காக இந்த ஏற்பாட்டையே செய்தோமோ அவை மொத்தமும் காணாமல்போகும். மணிக்கு ஒரு வரி எழுதும் கருவிக்கு வேகம் பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் கமிட் செய்யட்டும். இருபது ஆண்டுப் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு நேர் எதிரான நியாயம்: பாதியில் நின்றால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம், மூலம் கையில் இருக்கிறது. அங்கே கட்டுக்கட்டாக எழுதுங்கள். எவ்வளவு தரவை இழக்கத் தாங்கும் என்பதைத் தீர்மானித்துவிட்டுத்தான் கட்டின் அளவைத் தீர்மானிக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களுக்கு 2010இல் எஸ்.கியூ.லைட்டில் வந்த முன்பதிவு முறை உதவும். மாற்றங்களை முதலில் தனிக் கோப்பொன்றின் கடைசியில் எழுதிக்கொண்டு, பிறகு மூலக் கோப்பில் சேர்க்கும் முறை அது. அதன் சற்றுத் தளர்வான அமைப்பில் மின்வெட்டு வந்தால் கடைசிச் சில பதிவுகள் போகலாம், தரவுத்தளம் சிதையாது.

எந்த வடிவத்தில் சேமிப்பது என்பதும் இதையொட்டியே வரும். சி.எஸ்.வி. கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்க முன்னால் இருப்பதைத் தொடவே வேண்டாம், தினப்பதிவுக்கு ஏற்றது. ஆனால் எண்கள் எல்லாம் எழுத்தாகக் கிடப்பதால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மறுபடி எண்ணாக்க வேண்டும். 2013இல் வந்த பார்க்கே வடிவம் நெடுவரிசை நெடுவரிசையாகச் சேமிக்கிறது. ஏரி மட்டம் மணிக்கு மணி அதிகம் மாறாது; ஒரே மாதிரி எண்கள் பக்கம் பக்கமாக நிற்பதால் நன்றாகச் சுருங்கும். இருப்பு மட்டும் வேண்டுமென்றால் அந்த நெடுவரிசையை மட்டும் படிக்கலாம். ஆனால் கோப்பின் விவரக்குறிப்பு கடைசியில் இருப்பதால், எழுதி முடித்த பார்க்கே கோப்பில் வரி வரியாகச் சேர்க்க முடியாது. மாதம் முழுக்க எஸ்.கியூ.லைட்டில் பதிந்து, மாத முடிவில் பார்க்கேவாக மாற்றிக்கொள்வது என் பரிந்துரை. மாற்றும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, டிஸ்க்கைச் சேர்ந்தது உறுதியானபின் பெயரை மாற்றுங்கள். நடுவில் என்ன நேர்ந்தாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுமையாகக் கையில் இருக்கும்.

வடிவத்தின் எல்லையைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்தது சாட்சி. கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் ஏற்றினார்கள். அதன் தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. செப்டம்பர் 25க்கும் அக்டோபர் 2க்கும் இடைப்பட்ட 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. நம் ஏரியின் 1,75,320 வரிகளும் அந்தத் தாளில் அடங்காது.

உங்கள் நிரல் எந்த வகை என்று கண்டுபிடிக்க மூலத்தை வரிவரியாகப் படிக்கக்கூட வேண்டியதில்லை. 20,000 வரிகளுக்கு ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 40,000, பிறகு 80,000. ஒவ்வொரு முறையும் நேரம் இரட்டிப்பானால் கவலையில்லை. நான்கு மடங்கை நோக்கி ஏறினால், உள்ளே எங்கோ வரிக்கு வரி படியெடுப்பு நடக்கிறது. நேரம் இரட்டிப்புதான் ஆகிறது, ஆனாலும் நிரல் ஊர்கிறது என்றால், லூப்புக்குள் கமிட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.